பெட்டித் தோட்டத்து நீர் ஏன் நிலைமாறுகிறது?

புத்தளத்திற்குக் கிட்டிய ஓர் ஊரிலிருந்து சகோதரி ஒருவர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். கணவரின் கடை மூடப்பட்ட பின், வீட்டுப் பின்புறத்தில் பன்னிரண்டு ரெஜிபோம் மீன்பெட்டிகளை வைத்து மண்ணில்லாமல் சலாது வளர்க்கிறாராம். அறுவடை செய்வதை ஒரு விருந்தினர் விடுதி வாங்கிக்கொள்கிறது. பிள்ளைகளின் வகுப்புச் செலவு அந்தக் காசில்தான் போகிறது. முதல் மூன்று வாரம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த செடிகள், அதன் பிறகு குருத்திலேயே மஞ்சளாகிவிட்டன. பசளை போதவில்லை என்று எண்ணி மேலும் தூள் கரைத்து ஊற்றினார். இப்போது இலை விளிம்பும் கருகுகிறது. கண் பட்டுவிட்டது என்கிறார் மாமி. தண்ணீரில் புளிப்புப் போதாது, பழைய பற்றரித் தண்ணீரில் கொஞ்சம் விடு என்கிறார் லொறி ஓட்டும் மச்சான். "மௌலவி, நான் அதை ஊற்றலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஊற்ற வேண்டாம். இந்தப் பதில் இதழ் அச்சாகி வரும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் அவருக்குத் தபாலிலும் எழுதியாயிற்று. பழைய பற்றரிக்குள் இருப்பது சல்பூரிக்கமிலம் மட்டுமல்ல, ஈயமும் அதில் கலந்திருக்கும். ஈயம் கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. செடி அதை வேரால் இழுக்கும். அந்த இலையைத் தின்பவர், அதிலும் சிறு பிள்ளைகள், அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வார்கள். இலைக்கறி விற்கும் ஒருவர் பிறருடைய பிள்ளைகளின் வயிற்றுக்கும் பொறுப்பாளி அல்லவா?

ஆனாலும் மச்சான் சொன்னதில் பாதி சரி. அந்தத் தண்ணீரில் புளிப்புப் போதாது என்பது மெய்யாக இருக்கக் கூடும். இதே சிக்கலைச் சொல்லி வேறு மூன்று சகோதரிகளும் எழுதியிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். அரபு இலக்கணம் படிப்பிக்கும் மௌலவிக்குச் சலாதுப் பெட்டியில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். எமது விடுதிப் பின்புறத்தில் மாணவர்கள் பராமரிக்கும் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றை அளந்து குறித்து வைப்பதும் ஒரு பாடமாகவே அங்கு நடக்கிறது.

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு நெருக்கடியில் மரக்கறி விலை எட்டாத உயரத்திற்குப் போனது. அக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் பெட்டியிலும் போத்தலிலும் பயிர் வைக்கத் தொடங்கினார்கள். பலர் இடைநடுவில் விட்டுவிட்டார்கள். விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இதே கதைதான் வரும்: முதலில் நன்றாக வந்தது, பிறகு மஞ்சளானது.

நீரின் புளிப்பையும் காரத்தையும் அளக்கும் அளவைப் பீஎச் பெறுமானம் என்கிறோம். பாடசாலையில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் என்ற இரசாயன அறிஞர் 1909ஆம் ஆண்டில் இந்த அளவுமுறையைத் தந்தார். சாதாரணமாக 0 முதல் 14 வரை எண்ணுவார்கள். நடுவிலுள்ள 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, அதாவது அமிலம். மேலே காரம். தேசிக்காய்ச் சாறு ஏறத்தாழ 2 அளவில் நிற்கும். அப்பச்சோடா கரைத்த நீர் 8ஐத் தாண்டும். காரத்திற்கு ஆங்கிலேயர் வழங்கும் 'அல்கலி' என்ற சொல் எமது அரபிலிருந்து போனதுதான். உவர்நிலச் செடிகளை எரித்தெடுக்கும் சாம்பலுக்கு அரபியர் 'அல்-கிலீ' என்றார்கள். சவர்க்காரம் காய்ச்ச அந்தச் சாம்பல்தான் பயன்பட்டது. அடுப்புச் சாம்பலைச் செடிப்பெட்டியில் போட்டால் நீர் காரமாகும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த அளவில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு படி ஏறினால் ஒரு பங்கு மாறுவதில்லை, பத்து மடங்கு மாறுகிறது. பீஎச் 7ஆக உள்ள நீரைவிட 8ஆக உள்ள நீரில், புளிப்பைத் தரும் ஐதரசன் அயன்கள் பத்தில் ஒன்றுதான் இருக்கும். 6ஆக உள்ள நீரோடு ஒப்பிட்டால் நூறில் ஒன்று. ஆகவே 'ஆறரை இருக்க வேண்டியது ஏழரை இருக்கிறது, ஒன்றுதானே வித்தியாசம்' என்று இருந்துவிட முடியாது.

மண்ணில்லாப் பயிருக்கு ஏற்ற அளவு 5.5க்கும் 6.5க்கும் இடைப்பட்டது. மண்ணில் வளரும் செடிக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. மண்ணிலுள்ள களியும் உக்கலும் திடீர் மாற்றங்களைத் தாங்கிக்கொள்ளும். பெட்டியில் அந்தத் தாங்கல் கிடையாது. இருபது லீற்றர் நீரும் அதில் கரைந்த உப்புகளும் மட்டுமே. அந்த நீரின் குணம் மாறினால் வேருக்கு வேறு புகலிடம் இல்லை.

பீஎச் 7ஐத் தாண்டும்போது நடப்பது இதுதான். நீரில் இரும்பு இருக்கும், ஆனால் கரைந்த நிலையில் இராது. துருப்போல் திரண்டு அடியில் படியும். வேர் கரைந்ததைத்தான் உறிஞ்சும், படிந்ததை உறிஞ்ச முடியாது. மங்கனீசும் பொசுபரசும் இவ்வாறே கைக்கெட்டாமல் போகும். பசளைத் தூளில் இரும்பைச் சில சேர்மானங்களால் பொதிந்து தருகிறார்கள். அவற்றில் பரவலாகப் பாவிக்கப்படும் ஈ.டி.ரி.ஏ. என்ற வகை 6.5 வரைதான் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போகப் போக அந்தப் பொதி அவிழ்கிறது.

இரும்பு கிடைக்காத செடியை அடையாளம் காண்பது எளிது. இரும்பு ஓரிலையிலிருந்து மற்றோர் இலைக்கு இலகுவில் இடம்பெயராது. எனவே குறை முதலில் புதிய குருத்திலேயே தெரியும். இலை மஞ்சளாகும், நரம்பு மாத்திரம் பச்சையாக நிற்கும். அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் அது வேறு கதை, நைதரசன் அல்லது மகனீசியக் குறையாக இருக்கலாம். புத்தளத்துச் சகோதரி குருத்து மஞ்சள் என்று தெளிவாக எழுதியிருந்தபடியால் எமக்குச் சந்தேகம் குறைந்தது. மேலும் தூள் போட்டதில் இலை விளிம்பு கருகியதும் இதோடு பொருந்துகிறது. பசித்திருப்பவனின் கையைக் கட்டிவிட்டு, தட்டில் மேலும் சோறு போட்டதைப் போன்றது அது. இரும்பு சேரவில்லை, உப்பு மட்டும் கூடியது. உப்புக் கூடிய நீரை வேரால் இழுக்க முடியாமல் விளிம்பு காய்ந்தது. கண் பட்டதோ இல்லையோ, முதலில் நீரை அளந்து பார்ப்பதில் மாமிக்கும் ஆட்சேபனை இருக்காது.

இனி, நீர் ஏன் மாறுகிறது?

முதற் காரணம் கிணறு. புத்தளத்திலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் படுக்கை ஓடுகிறது. அந்தக் கல்லை ஊடுருவி வரும் நீரில் இருகாபனேற்று என்ற உப்பு நிறைந்திருக்கும். உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் உங்கள் நீர் அத்தகையதே. உலர் வலயத்தின் வேறு பல ஊர்களிலும் இது உண்டு. இருகாபனேற்று ஒரு பிடிவாதக்காரன். நீங்கள் புளிப்பைச் சேர்த்துப் பீஎச்சைக் கீழே கொண்டுவந்தால், சேர்த்த புளிப்பை அது தின்றுவிட்டு மறுபடி மேலே ஏற்றும். அது முழுவதும் தீரும் வரை இந்த இழுபறி நடக்கும். மேலும், செடி குடித்துக் குறைந்த நீரை நிரப்பும்போதெல்லாம் புதிதாக ஒரு பங்கு இருகாபனேற்றை நாமே ஊற்றுகிறோம். முதல் மூன்று வாரம் நன்றாயிருந்து பிறகு கெட்டதற்கு இதுவே பெரிய காரணமாயிருக்கும்.

இரண்டாவது காரணம் செடியேதான். செடி வேரால் உணவை இழுக்கும்போது கைமாற்றாக ஒன்றை வெளியே விடுகிறது. பெட்டிப் பயிருக்கான தூள்களில் நைதரசன் பெரும்பாலும் நைத்திரேற்று வடிவில் இருக்கும். நைத்திரேற்றை இழுக்கும் வேர் காரத்தை வெளிவிடும், பீஎச் ஏறும். அமோனியம் வடிவில் இருந்தால் வேர் புளிப்பை வெளிவிடும், பீஎச் இறங்கும். சலாது, கங்குங், பசளி போன்ற இலைப்பயிர்கள் மளமளவென்று வளரும் நாட்களில் பீஎச் ஏறுவது அவை நன்றாக உண்கின்றன என்பதற்கு அடையாளம். பயப்பட ஒன்றுமில்லை. தக்காளி காய்க்கத் தொடங்கியதும் பொற்றாசியத்தை மிகுதியாக இழுக்கும். அப்போது அதே பெட்டியில் பீஎச் இறங்குவதையும் காணலாம். பூக்கும் வரை ஏறிக்கொண்டிருந்தது காய் பிடித்ததும் திரும்பிவிட்டதே என்று குழம்ப வேண்டாம்.

மூன்றாவது, பாசி. பெட்டி மூடியின் துளைகளிலும் இடுக்குகளிலும் வெயில் புகுந்தால் பச்சைப் பாசி பிடிக்கும். அது பகலில் நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் பீஎச் ஏறும், இரவில் அதையே வெளிவிடுவதால் இறங்கும். காலையில் ஒரு கணக்கும் அஸர் நேரத்தில் வேறொரு கணக்கும் வருகிறது என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய பெட்டியின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், வழுவழுக்கும். கறுப்புப் பொலித்தீனால் உட்புறத்தை மூடி, செடி நிற்கும் துளையைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் புகாமல் அடைத்துவிட்டால் இது அடங்கும்.

செடியை நிறுத்த நாம் போடும் பொருளும் உண்டு. தும்புத்தூளும் கழுவிய ஆற்று மணலும் பிரச்சினை தருவது குறைவு. தும்புத்தூளை மட்டும் இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிப் பிழிந்து எடுங்கள், அதில் உப்பிருக்கும். கரையோரத்தில் இருப்பவர்கள் கடல் மணலை அள்ளிப் போடுகிறார்கள். அதிலுள்ள சிப்பித் துண்டும் முருகைக்கல் துகளும் சுண்ணாம்பேதான், ஓயாமல் காரத்தைக் கசியவிடும். புதிதாகச் சுட்ட உமிக்கரியும் புதிதாகப் பூசிய சீமெந்துத் தொட்டியும் இதே வகை. சீமெந்துத் தொட்டியென்றால் உள்ளே பொலித்தீன் விரிக்காமல் பாவிக்கக் கூடாது.

அளப்பது எப்படி என்று பார்ப்போம். வெள்ளைச் சேட்டில் கறி சிந்திய இடத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை சிவப்பாக மாறுவதைக் காணாத பெண் இல்லை. நீங்கள் செய்தது ஒரு பீஎச் பரிசோதனை. மஞ்சள், காரம் பட்டால் சிவக்கும். செவ்வரத்தம்பூச் சாறும் அப்படித்தான், தேசிக்காய் விட்டால் சிவப்பாகவும் அப்பச்சோடா விட்டால் பச்சையாகவும் மாறும். பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நல்ல விளையாட்டு. ஆனால் எமக்கு வேண்டியது 6.0க்கும் 6.8க்கும் உள்ள வேறுபாடு. அதை மஞ்சளும் பூவும் சொல்லாது. பாடசாலையில் காணும் பாசிச்சாயத் தாளும் புளிப்பா காரமா என்பதோடு நின்றுவிடும்.

நிற அட்டையோடு வரும் பீஎச் தாளை வாங்கலாம். மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் துளிமருந்தும் போதுமானது. சிறு போத்தலில் நீரை எடுத்து, சொன்ன அளவு துளி விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இதை வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், மின்குமிழ் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். பேனா வடிவில் விற்கும் மின்மானி வசதியானதுதான். எனினும் அது சிறு பிள்ளையைப் போல் கவனிப்புக் கேட்கும். அதன் முனையை உலர விடக் கூடாது, அதற்கென விற்கும் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் கெடும். கூடவே தரும் இரு தூள் பொதிகளில் ஒன்று 4.01, மற்றது 6.86 என்றிருக்கும். அவற்றைக் கரைத்து மானி சரியாகக் காட்டுகிறதா என்று அடிக்கடி சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத மானி தவறான தராசு. அதை நம்பி அமிலம் ஊற்றுவதை விடத் தாளே மேல்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், காலையில் அளந்து, ஒரு கொப்பியில் பெட்டி எண், திகதி, அளவு என்று குறியுங்கள். கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த நீரை அளக்காதீர்கள். நிலத்தடியில் அடைபட்ட காபனீரொட்சைட்டு அதில் கரைந்திருக்கும். சோடாப் போத்தலைத் திறந்து வைத்ததைப் போல அது மெல்ல வெளியேற, பீஎச் தானாகவே ஏறும். இரவு முழுவதும் வாளியில் திறந்து வைத்த நீரைக் காலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். பசளைத் தூளைக் கரைத்தாலும் அளவு மாறும். அதனால் முதலில் நீர், பிறகு பொதியில் சொன்ன அளவு தூள், நன்றாகக் கலக்கல், அரை மணித்தியாலம் பொறுத்தல், அதன் பின் அளத்தல், கடைசியாகத்தான் திருத்தல். இந்த வரிசையை மாற்றினால் இரட்டை வேலை.

பீஎச் கூடிவிட்டால் குறைப்பதற்குப் பலரும் முதலில் தேடிப் போவது குசினிக்குத்தான். தேசிக்காய், வினாகிரி, பார்மசியில் வாங்கும் சித்திரிக்கமிலம். இவை உடனே குறைக்கும், பொய்யில்லை. ஆனால் இவையெல்லாம் சேதனப் பொருட்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் இவற்றை இரண்டு மூன்று நாளில் தின்று தீர்த்துவிடும். பீஎச் பழைய இடத்திற்கு ஏறும். நீங்கள் மீண்டும் ஊற்றுவீர்கள், மீண்டும் ஏறும். இப்படியே ஊற்றி ஊற்றி நுண்ணுயிர்களுக்குத் தீனி போட்டு வேர் வழுவழுப்பாகி அழுகுவதுதான் மிச்சம். ஓரிரு போத்தலில் புதினா வைத்திருப்பவருக்குத் தேசிக்காய் போதும். பன்னிரண்டு பெட்டி வைத்து விற்பவருக்கு அது சரிவராது. கோலாப் பானத்தில் பொசுபோரிக்கமிலம் இருக்கிறதாமே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, கூடவே சீனியும் இருக்கிறது. அது எறும்புக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து.

ஏற்றது, விவசாய மருந்துக் கடைகளில் பீஎச் குறைப்பதற்கென்றே விற்கும் கரைசல். அது பெரும்பாலும் பொசுபோரிக்கமிலம். நுண்ணுயிர் அதைத் தின்று தீர்ப்பதில்லை, செடிக்குப் பொசுபரசும் சேர்கிறது. அதை நேரே பெட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு பங்கு அமிலத்தை ஒன்பது பங்கு நீரில் விட்டு ஐதாக்கி, பெயர் எழுதிய பிளாத்திக்குப் போத்தலில் வையுங்கள். நீருக்குள் அமிலத்தை விட வேண்டும். அமிலத்துக்குள் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டி வேண்டாம். கையுறை போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். மென்பானப் போத்தலில் மட்டும் அமிலத்தை நிரப்பி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தலில் எழுதியிருப்பது தெரியாது. எட்டாத உயரத்தில், பூட்டிய அலுமாரியில் அது இருக்கட்டும்.

எவ்வளவு விடுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் கணக்கு வேறு, ஆனால் உங்கள் கிணற்றின் கணக்கை ஒரே காலையில் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பத்து லீற்றர் நீரை வாளியில் எடுத்துத் தூளைக் கரையுங்கள். ஐதாக்கிய அமிலத்தை மருந்து குடிக்கும் பிளாத்திக்குக் கரண்டியால் (அந்தக் கரண்டி இனி இதற்கு மட்டும்) 2.5 மில்லிலீற்றர் வீதம் விட்டு, கலக்கி, பத்து நிமிடம் பொறுத்து அளந்துகொண்டே போங்கள். முதல் சில கரண்டிக்கு எண் அசையாதது போலிருக்கும், இருகாபனேற்று அதை வாங்கிக்கொள்கிறது. அது தீரும் கட்டத்தில் ஒரே கரண்டிக்குச் சடாரென்று விழும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் 4க்குப் போய்விடும். 5.8 அளவில் நிறுத்துங்கள். மறுநாள் காலையில் மீண்டும் அளந்து, 6.5க்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் சிறிது. எத்தனை கரண்டி என்று கொப்பியில் எழுதிவிட்டால் அடுத்த முறை பெட்டியின் கொள்ளளவுக்குப் பெருக்கிக்கொள்வதுதான் வேலை.

பெட்டிக்கு நிரப்பும் நீரையும் இவ்வாறே முன்கூட்டித் திருத்தி, பீப்பாயில் வைத்து ஊற்றுங்கள். செடியோடு இருக்கும் பெட்டியில் அமிலத்தை விட்டுத் திருத்துவதைக் காட்டிலும் இதுவே வேருக்கு நல்லது. நிரப்பும்போது மூடியைத் தொடுமளவிற்கு நிரப்பாதீர்கள். நீர் குறையும்போது மேலே நின்ற வேர்கள் காற்றில் மூச்சு வாங்கப் பழகியிருக்கும், அவற்றை மூழ்கடித்தால் செடி வாடும்.

கிணற்று நீர் மிகக் கடினமாயிருந்தால் அமிலத்தோடு மல்லுக்கட்டுவதை விட மழைநீரைக் கலப்பதே மலிவு. கூரையிலிருந்து முதல் மழையை வழிய விட்டு, அடுத்ததைப் பீப்பாயில் பிடித்து, கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் இருகாபனேற்றும் ஏறத்தாழப் பாதியாகும். மழைநீர் இயல்பிலேயே இலேசான புளிப்பு, 5.6 அளவில் நிற்கும். ஆனால் தனி மழைநீரிலும் சுத்திகரிப்பு நிலையத்து ஆர்.ஓ. நீரிலும் தாங்கும் சக்தி அறவே இல்லை. இரண்டு துளி அமிலத்திற்கே தலைகீழாகக் கவிழும். எனவே கிணற்று நீரிலுள்ள அந்தப் பிடிவாதக்காரன் கொஞ்சம் இருப்பது நல்லதுதான்.

எதிர்ப்புறமாக, பீஎச் 5க்குக் கீழே இறங்கினால் கல்சியமும் மகனீசியமும் கிடைப்பது குறையும். 4க்குக் கீழே வேர்நுனியே வெந்துபோகும். இறங்குவது மெல்ல மெல்ல என்றால் தூளில் அமோனியம் கூடுதலா என்று பொதியைப் பாருங்கள். ஒரே நாளில் இறங்கினால் மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். மண்ணிறமாகி நாற்றமடித்தால் பெரும்பாலும் அழுகல்தான். அதற்கு அமிலமும் மருந்தல்ல காரமும் மருந்தல்ல. அந்த நீரைக் கொட்டி, பெட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. வேர் வெள்ளையாக இருந்து அளவு மட்டும் இறங்கியிருந்தால், பொற்றாசியம் இருகாபனேற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அப்பச்சோடா அவசரத்திற்கு ஒரு முறை சரி. அதிலுள்ள சோடியம் செடிக்கு வேண்டாதது, திரும்பத் திரும்பப் போட்டால் பெட்டியில் தேங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து விட்டால் பொசுபரசு வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்துவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டுச் சிலர் ஒரு நாளைக்கு மூன்று தடவை அளந்து மூன்று தடவை திருத்தத் தொடங்குவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 5.6இல் தொடங்கி நாளுக்கு நாள் 6.4 வரை ஏறட்டும், விடுங்கள். சில சத்துக்கள் கீழ் அளவில் நன்றாகக் கிடைக்கும், சில மேல் அளவில். இந்த எல்லைக்குள் நடக்கும் ஏற்ற இறக்கம் செடிக்கு நன்மையே. எல்லையைத் தாண்டும்போது மட்டும் கை வையுங்கள். காலையில் அமிலம், மாலையில் காரம் என்று ஆட்டி வைத்தால், அளவு சரியாக வந்தாலும் உப்புக் கூடிச் செடி சாகும். நான் கண்டவரை அலட்சியத்தால் கெட்ட பெட்டிகளுக்குக் குறையாமல் அதிக அக்கறையால் கெட்ட பெட்டிகளும் இருக்கின்றன.

புத்தளத்துச் சகோதரிக்கு எழுதியது இவ்வளவே: உப்புக் கூடிய நீரை முழுவதும் மாற்றுங்கள். பாதி மழைநீரில் புதிய கரைசலைப் பொதியில் சொன்ன அளவுக்குக் கரைத்து, 5.8க்குத் திருத்தி ஊற்றுங்கள். மஞ்சளான பழைய இலை முழுவதும் பச்சையாகத் திரும்பாமல் போகலாம். புதிதாக வரும் குருத்தைப் பாருங்கள், ஒரு வாரம் பத்து நாளில் பச்சையாக வந்தால் வழி சரி. பன்னிரண்டையும் ஒன்றாக மாற்றாமல் முதலில் மூன்று பெட்டியில் செய்து பாருங்கள். விடுதிக்காரரிடம் இரண்டு வாரத் தவணை கேளுங்கள். மஞ்சள் இலையைப் பச்சை இலைக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டாம்.

கழித்த நீரை எங்கே ஊற்றுவது என்று எவரும் கேட்கவில்லை, ஆனால் அதையும் சொல்ல வேண்டும். அதில் நைத்திரேற்று மிச்சமிருக்கும். கல்பிட்டி, யாழ்ப்பாணம் போன்ற மணலும் சுண்ணாம்புக்கல்லும் உள்ள இடங்களில் மேலே ஊற்றியது விரைவில் கிணற்றில் இறங்கும். நைத்திரேற்றுக் கூடிய கிணற்று நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. ஆகவே கிணற்றடியிலோ குளிக்கும் இடத்திலோ கொட்டாமல், கிணற்றுக்குத் தூரத்திலுள்ள வாழைக்கும் தென்னைக்கும் ஒவ்வொரு வாளியாகப் பிரித்து ஊற்றுங்கள்.